பதினோரு பெட்டியும் என் பிரெஞ்சு ஞானமும்

அன்னைக்கு எனக்கு ஒரே ஒரு வேலைதான். தென்காசி ஸ்டேஷன்ல இறங்குத பதினோரு பெட்டியைக் குத்தாலத்துல ரெண்டு வீட்டுல கொண்டு போய் இறக்கணும். வேற ஒண்ணும் கிடையாது.

இதை ஒரு கழுதை கூடச் செஞ்சிருக்கும். கழுதைக்குப் பிரெஞ்சு தெரியாதுங்கதால ஒழுங்காவும் செஞ்சிருக்கும்.

அறுபத்தொண்ணோ அறுபத்திரெண்டோ, ஆனி மாசக் கடைசி நாள். எனக்கு இருபத்தஞ்சு வயசு. தென்காசியில ஒரு ஜவுளிக்கடையில துணி அளந்து கிழிச்சுக் குடுக்குத வேலை. அப்பா இல்லை. அம்மாவும் தாய்மாமாவும் சேர்ந்து எனக்குக் காரைக்கால்ல ஒரு பொண்ணு பார்த்திருந்தாவ. பேரு கோமதி.

பொண்ணோட அப்பாவுக்குச் சொந்த ஊரு நம்ம இலத்தூர்தான். சின்ன வயசுலயே காரைக்கால் போயி, அங்கன இருந்து கப்பலேறி சைகோன் போயி, ஒரு சரக்குக் கிட்டங்கியில முப்பது வருஷம் கிளார்க்கா இருந்துட்டு, திரும்பவும் காரைக்கால்லயே வந்து உக்காந்தவரு. எல்லாரும் அவரைச் சைகோன்காரர்னுதான் சொல்லுவாவ.

அவரு வரதட்சணை, சீர்னு எதுக்கும் மல்லுக்கு நிக்கலை. ஒரே ஒரு கண்டிஷன்தான். மாப்பிள்ளைக்குப் பிரெஞ்சு தெரியணும்.

தென்காசியில! பிரெஞ்சு!

மாமா என்னைப் பார்த்தாரு. நான் கையில இருந்த கோமதி போட்டோவைப் பார்த்தேன்.

"தெரியுமே"ன்னுட்டேன்.

மறுநாளே பழைய பேப்பர் கடையில தேடி ஒரு பிரெஞ்சு பால பாடம் வாங்கிட்டேன். இங்கிலீஷ்ல அர்த்தம் போட்ட புஸ்தகம். முதல் பாடம் நல்லா இருந்துச்சு. ரெண்டாம் பாடத்துல இருந்து கரையான் படிச்சிருந்துச்சு.

முதல் பாடத்துல நாலே வார்த்தை. அப்பா, அம்மா, அண்ணன், அக்கா. அப்பாவுக்கு முன்னால 'லெ'. அம்மாவுக்கு முன்னால 'லா'. அண்ணனுக்கு 'லெ'. அக்காவுக்கு 'லா'. எழுத்துல பார்த்தா எல்.ஈ. போட்டா ஆம்பளை, எல்.ஏ. போட்டா பொம்பளை.

இவ்வளவு சுலபமான பாஷைக்கா இவ்வளவு பேரு பயப்படுதாவன்னு எனக்கு ஆச்சரியமாப் போச்சு. ஒரு மணி நேரத்துல முடிச்சுட்டேன்.

மாமா காரைக்காலுக்கு எழுதின கடுதாசியில, கீழ ஓரமா நானும் ஒரு வரி சேர்த்தேன். அப்பாவுக்கும் அம்மாவுக்கும் வணக்கம்னு. அதுல அப்பாவும் அம்மாவும் மட்டும் பிரெஞ்சு. வணக்கம் தமிழ்தான்.

அந்த ஒரு வரியில சைகோன்காரர் சொக்கிப் போனாரு. எனக்குன்னு தனியா ரெண்டு பக்கம் பதில் வந்துச்சு. ரெண்டு பக்கமும் பிரெஞ்சு.

அம்மா கேட்டா, "என்னலே எழுதியிருக்காவ?"

"சும்மா, சுகந்தானான்னு கேட்டிருக்காவ."

"ரெண்டு பக்கத்துக்கா?"

"எல்லார் சுகத்தையும் கேட்டிருக்காவம்மா."

கடுதாசியை மடிச்சு டிரங்குப் பெட்டிக்கு அடியில போட்டுட்டேன்.

ஏற்பாடு என்னன்னா, சாரல் சீசனாச்சா, பொண்ணு வீட்டார் குத்தாலத்துக்கு வந்து ஒரு வாரம் தங்கிக் குளிக்கணும், வந்த அன்னைக்கே வெத்தலை பாக்கு மாத்திக்கிடணும். மறுநாள் ஆடி பிறக்கு. ஆடியில பேச்சு எடுக்க முடியாது. ஆவணி வரைக்கும் காத்துக்கிட்டு இருக்கச் சைகோன்காரர் தயாரா இல்லை. ஏன்னா காரைக்கால்லயே, பிரெஞ்சு நெசமாவே தெரிஞ்ச வாத்தியார் ஒருத்தரு பொண்ணு கேட்டு நடையா நடந்துக்கிட்டு இருந்தாரு. அதனால அன்னைக்குச் சாயங்காலம் நாலரைக்கும் அஞ்சுக்கும் நடுவுல தட்டு மாத்தணும். மாத்தலைன்னா கோமதி வாத்தியாருக்கு.

சீசன்ல குத்தாலத்துல வீடு கிடைக்குதது என்ன சாதாரண விஷயமா? மாமா அலைஞ்சு திரிஞ்சு ரெண்டு சின்ன வீடு பிடிச்சாரு. ஒண்ணு பேரருவிப் பக்கம். இன்னொண்ணு ஐந்தருவிப் பக்கம். நடுவுல மூணு மைல் இருக்கும். பேரருவி வீடு பொம்பளைகளுக்கு, ஐந்தருவி வீடு ஆம்பளைகளுக்குன்னு முடிவாச்சு.

காலையில ரயில் வந்துச்சு. இறங்கினது நாலு பேரு. சைகோன்காரர், அவரு வீட்டம்மா, கோமதி, அப்புறம் அந்தம்மாவோட தம்பி. போலீஸ்ல ஏட்டா இருந்து ரிட்டையர் ஆனவரு. ஏட்டையா மீசை முதல்ல இறங்குச்சு, அவரு பின்னால இறங்கினாரு.

கோமதி அவ அம்மா முதுகுக்குப் பின்னால நின்னா. எனக்குத் தெரிஞ்சது ஒரு பின்னலும் பாதிக் காதும்தான்.

சைகோன்காரர் நேரா என்கிட்ட வந்தாரு. பிரெஞ்சுல நாலு வரி பேசினாரு. நான் சிரிச்சேன். திரும்ப ஏதோ கேட்டாரு. அதுக்கும் சிரிச்சேன்.

"அடக்கமான பிள்ளை"ன்னாரு மாமாகிட்ட.

அப்புறம் தமிழ்ல, "தம்பி, பெட்டியெல்லாம் நான் கடுதாசியில எழுதின பிரகாரம் சேர்த்திருங்க"ன்னாரு.

"அப்படியே சேர்த்திருதேன்"ன்னேன்.

குத்தாலத்துக்கு வந்தா முதல்ல அருவி, அப்புறந்தானே வீடு? நாலு பேரையும் மாமா வாடகைக் கார்ல ஏத்திக்கிட்டாரு. பொம்பளைகளைப் பேரருவியில விட்டு, ஆம்பளைகளை ஐந்தருவியில விட்டுட்டு, அவரு தென்காசி வந்துருவாரு. அவிய குளிச்சுட்டு ஈரத்தோட வீட்டுக்கு வரும்போது மாத்துத் துணி பெட்டியில தயாரா இருக்கணும். அதுக்குத்தான் நான்.

பெட்டிகளை ஏத்த மைதீன் அண்ணாச்சியோட மாட்டு வண்டி பிடிச்சிருந்தேன். தென்காசியில அவரு வண்டியில ஏறாத கல்யாணச் சாமானே கிடையாது.

எல்லாம் தகரப் பெட்டி. ஒவ்வொண்ணு மேலயும் வெள்ளைத் தாள் ஒட்டி, கொட்டை எழுத்துல பிரெஞ்சுல எழுதியிருந்துச்சு. கிட்டங்கிப் பழக்கம், விடுமா?

"தம்பி, எது எந்த வீட்டுக்கு?"ன்னாரு அண்ணாச்சி.

கடுதாசி டிரங்குப் பெட்டிக்கு அடியில இருக்கு. இங்கன இருந்தாலும் பிரயோசனம் இல்லை. குனிஞ்சு தாளைப் பார்த்தேன். பார்த்த உடனே நெஞ்சுல பால் வார்த்த மாதிரி இருந்துச்சு. அஞ்சு பெட்டியில எல்.ஈ. அஞ்சு பெட்டியில எல்.ஏ.!

"அண்ணாச்சி, எழுதியே இருக்கு. எல்.ஏ. போட்டா பொம்பளை. எல்.ஈ. போட்டா ஆம்பளை."

"பெட்டியில கூடவா போடுவாவ?"

"பிரெஞ்சுல எல்லாத்துக்கும் போடுவாவ."

"ஒழுங்கான ஜனங்க. நம்ம பஸ்ஸுலயும்தான் 'பெண்கள்'னு எழுதிப் போடுதான், எவன் பாக்கான்?"

அண்ணாச்சி ஒரு எல்.ஈ. பெட்டியைத் தூக்கினாரு. மூக்கைச் சுருக்கினாரு. "தம்பி, இதுல தாழம்பூ வாசம் அடிக்கே. ஆம்பளைப் பெட்டிங்கிய?"

"சைகோன்ல ஆம்பளைகளும் தாழம்பூ வைப்பாவளா இருக்கும்."

"ஏட்டையாவுமா?"

நான் வண்டியில இடம் ஒதுக்கினேன்.

அடுத்தது ஒரு எல்.ஏ. பெட்டி. மூடியிடுக்குல ஒரு தோல் பெல்ட்டு நுனி தொங்குது, பித்தளைக் கொக்கியோட. "இது பொம்பளைப் பெட்டியா?"

"அண்ணாச்சி, நீங்க மாட்டைப் பாருங்க. பிரெஞ்சை நான் பார்த்துக்கிடுதேன்."

இந்த வாக்கியத்தை அன்னைக்கு நான் எவ்வளவு தோரணையாச் சொன்னேன் தெரியுமா? நினைச்சா இப்பவும் கூசுது. நான் ஜவுளிக்கடைக்காரன். ஒரு பெட்டியைத் திறந்து பார்த்திருந்தா அரை நிமிஷத்துல முடிஞ்சிருக்கும். ஆனா படிச்சவன் எவனாவது பெட்டியைத் திறந்து பார்ப்பானா?

பதினோராவது பெட்டிதான் கொஞ்சம் இடைஞ்சல். நீளமான பெட்டி. அதுல எல் மட்டும் இருக்கு, அது பக்கத்துல காக்கா மூக்கு மாதிரி மேல ஒரு சின்னக் கோடு. ஈயும் இல்லை, ஏயும் இல்லை. இது முதல் பாடத்துல வரலை.

"இது?"ன்னாரு அண்ணாச்சி.

"இது பொது. வண்டியிலயே இருக்கட்டும். அப்புறம் கேட்டுக்கிடலாம்."

அண்ணாச்சி அதை நாங்க உக்காருத பலகைக்குக் கீழ தள்ளினாரு.

பேரருவி வீட்டுல எல்.ஏ. அஞ்சையும் இறக்கினேன். பூட்டித் திறவுகோலைப் பக்கத்து வீட்டு ஆச்சிகிட்ட குடுத்தேன். அங்கன இருந்து ஐந்தருவிக்கு வண்டி திரும்பின உடனே சாரல் பிடிச்சுக்கிட்டு. வண்டிக்குக் கூண்டு கிடையாது. நானும் அண்ணாச்சியும் மாடும் ஒரே மாதிரி நனைஞ்சோம். அண்ணாச்சி மட்டும், "ஒரு குடை இருந்தா நல்லா இருக்கும்"னாரு.

எல்.ஈ. அஞ்சையும் ஐந்தருவி வீட்டுல வரிசையா அடுக்கி வச்சுட்டு, வாசல்ல நின்னேன். பன்னிரெண்டரை மணி. வேலை முடிஞ்சுது. சைகோன்காரர் வந்து பார்த்து மெச்சிக்கிடுவாரு, ரெண்டு வரி பிரெஞ்சு பேசுவாரு, நான் சிரிக்கணும், அவ்வளவுதான் பாக்கி.

வந்தாவ. ரெண்டு பேரும் தொப்பலா. இடுப்புல ஈரத்துண்டு, கையில பிழிஞ்ச வேட்டி. ஏட்டையாவுக்குப் பல்லு தந்தியடிக்குது. மீசையில இருந்து தண்ணி சொட்டுது. நேரா உள்ள போனாரு.

முதல் பெட்டி திறந்த சத்தம் கேட்டுச்சு. அப்புறம் ரெண்டாவது. மூணாவது.

எட்டிப் பார்த்தேன். முதல் பெட்டியில சீப்பு. பெருஞ்சீப்பு, ஈருளி, சிணுக்கோலின்னு ஒரு கடை வைக்கலாம். ரெண்டாவதுல சேலை. மூணாவதுலயும் சேலை. நாலாவதுல பாவாடை. கீழ லேஸ் வச்சது.

அஞ்சாவது பெட்டியை ஏட்டையா மெதுவாத் திறந்தாரு. அதுல ரவிக்கை.

"ஏலே!"ன்னாரு ஏட்டையா. வீடே அதிர்ந்துச்சு. "எவம்லே பெட்டியைப் பிரிச்சது?"

மைதீன் அண்ணாச்சி ரொம்ப மரியாதையா என்னைக் கைகாட்டினாரு. "இந்தத் தம்பிதான். பிரெஞ்சு படிச்சுப் படிச்சுப் பிரிச்சாவ."

சைகோன்காரர் கோவப்படலை. அதுதான் எனக்கு ரொம்பப் பயமா இருந்துச்சு. ஈரத்துண்டோட ஒரு பெட்டி மேல உக்காந்தாரு. "எதை வச்சுப் பிரிச்சீய தம்பி?"

சொன்னேன். லெ ஆம்பளை, லா பொம்பளைன்னு.

கண்ணை மூடிக்கிட்டாரு. "லெ ஆம்பளைதான். லா பொம்பளைதான். ஆனா உடுத்துதவங்களைச் சொல்லலை. சாமானைச் சொல்லுது. சட்டை இருக்கு பாருங்க, சட்டை, அது பிரெஞ்சுல பொம்பளை."

"சட்டையா?"

"சட்டை பொம்பளை. கழுத்துல கட்டுத டை பொம்பளை. பெல்ட்டு பொம்பளை. துண்டும் பொம்பளை. வேட்டிக்குப் பிரெஞ்சுல சொல்லு கிடையாது, துணின்னு எழுதியிருக்கேன். துணியும் பொம்பளை. சேலை ஆம்பளை. ரவிக்கை ஆம்பளை. பாவாடை ஆம்பளை. சீப்பும் ஆம்பளை."

"ஏன் அப்படி?"

"ஏன்னு கேக்கப்படாது. சைகோன்ல சேர்ந்த முதல் நாள் நானும் கேட்டேன். தொரை என்னைப் பார்த்த பார்வைக்கு, முப்பது வருஷம் திரும்பக் கேக்கலை."

சைகோன்காரர் பழக்கதோஷத்துல தொடர்ந்தாரு. "தாடி பொம்பளை. மீசை கூடப் பொம்பளைதான்."

ஏட்டையா கை தானா மீசைக்குப் போச்சு. "எது அத்தான்? மீசையா?"

"ஆமா. லா மூஸ்தாஷ்."

"எங்க அக்காளைக் கட்டி இருபத்தஞ்சு வருஷமாச்சு. இதை இன்னைக்கா சொல்லுதிய?"

அப்புறம் ஏட்டையா என் பக்கம் திரும்பினாரு. "இவனுக்குப் பிரெஞ்சும் தெரியாது, ஒரு மண்ணும் தெரியாது. ஏமாத்திட்டான் அத்தான். இந்தச் சம்பந்தம் வேண்டாம். இப்பவே கிளம்புங்க, காரைக்காலுக்குப் போவோம்."

சைகோன்காரர் அஞ்சு பெட்டியையும் ஒரு தரம் பார்த்தாரு. "எதை உடுத்திக்கிட்டுப் போறது?"ன்னாரு.

ஏட்டையா குனிஞ்சு தன் ஈரத்துண்டைப் பார்த்தாரு. என் கல்யாணம் அந்த நிமிஷம் வரைக்கும் முறியாம இருந்ததுக்கு அது ஒண்ணுதான் காரணம்.

"முதல்ல துணி வரட்டும். அப்புறம் முடிவு சொல்லுதேன்"ன்னாரு சைகோன்காரர். "மூணே முக்காலுக்குக் கார் வரும். அதுக்குள்ள வரணும்."

குளிர் தாங்காம ரெண்டு பேரும் ஆளுக்கொரு சேலையை எடுத்து வேட்டி மாதிரிச் சுத்திக்கிட்டாவ. சைகோன்காரருக்கு ஊதா. ஏட்டையாவுக்குக் கிளிப்பச்சை, அன்னம் போட்ட முந்தி. மிச்சத்தையெல்லாம் வண்டியில ஏத்திக்கிட்டு நாங்க பறந்தோம். மாட்டு வண்டி எவ்வளவு பறக்குமோ அவ்வளவு.

அண்ணாச்சி மாட்டைத்தான் பார்த்துக்கிட்டு வந்தாரு. பாதித் தூரம் போனதும், "தாழம்பூ"ன்னாரு. அப்புறம் மறுபடியும் மாட்டைப் பார்த்தாரு.

பேரருவி வீட்டுக் கதவு சாத்தியிருந்துச்சு. தட்டினேன்.

"யாரு?" பொம்பளைக் குரல்.

"பெட்டி கொண்டு வந்திருக்கேன்."

கதவு படார்னு திறந்துச்சு. வாசல்ல கோமதி.

முழுக்கைச் சட்டை. கழுத்து வரைக்கும் பட்டன் போட்டிருக்கா. கீழ வேட்டியைச் சேலை மாதிரி சுத்தி, அவிழாம இருக்கப் பெல்ட்டு மாட்டியிருக்கா. தலையில துண்டு. அஞ்சு பெட்டியில நாலைப் பயன்படுத்தியாச்சு. டை மட்டும்தான் பாக்கி.

நாலரைக்குத்தான் நான் பொண்ணு முகத்தைப் பார்க்கணும்னு ஏற்பாடு. மணி ஒண்ணே முக்கால்.

உள்ள இருந்து அவ அம்மா கத்தினா. "ஏட்டி, உள்ள வா! மாப்பிள்ளை முன்னால இந்தக் கோலத்துலயா நிப்பே?"

"இந்தக் கோலம் யாரால வந்துச்சும்மா?"ன்னா கோமதி. அப்புறம் என்னைப் பார்த்து, ரொம்பச் சாந்தமா, "அப்பா எந்தப் பெட்டி எந்த வீட்டுக்குன்னு ரெண்டு பக்கம் வரிசையா எழுதி அனுப்பினாவளே. படிக்கலையா நீங்க?"

அந்த ரெண்டு பக்கம்! சுகந்தானான்னு கேட்டிருக்காவன்னு அம்மாகிட்ட சொன்னேனே, அது!

இனிமே என்னத்தை மறைக்க? சொல்லிட்டேன். "எனக்குப் பிரெஞ்சு தெரியாது."

"கொஞ்சங்கூடவா?"

"நாலு வார்த்தை தெரியும். அப்பா, அம்மா, அண்ணன், அக்கா."

"வேற?"

"வேற ஒண்ணும் தெரியாது. உங்க போட்டோவைப் பார்த்துட்டுப் பொய் சொல்லிட்டேன். உங்களைப் பிடிச்சிருந்துச்சு, அதான்."

அவ கதவு நிலையில சாஞ்சுக்கிட்டா. முகம் அப்படியே மாறுது. திட்டப் போறான்னு நினைச்சேன்.

"சத்தியமாத் தெரியாதா?"ன்னா. குரல்ல ஒரு நப்பாசை.

"சத்தியமா."

"எங்க வீட்டுல வாழைப்பழம் கேட்டா லா போட்டுக் கேக்கணும். சோறு கேட்டா லெ போட்டுக் கேக்கணும். போடலைன்னா அப்பா காது கேக்காத மாதிரி உக்காந்திருப்பாவ. தோசை ஆம்பளையா பொம்பளையான்னு சொன்னாத்தான் ரெண்டாவது தோசை. நான் அஞ்சு வயசுல இருந்து இப்படித்தான் சாப்பிடுதேன். அந்த வாத்தியார் பொண்ணு பார்க்க வந்தாரு. வந்து உக்காந்து, அப்பாவும் அவரும் பூசணிக்காயைப் பத்தி ஒரு மணி நேரம் சண்டை போட்டாவ. ஆம்பளையா பொம்பளையான்னு. எனக்கு அழுகை வந்துட்டு."

எனக்கு அந்தப் பூசணிக்காய் மேல ஒரு மரியாதை வந்துச்சு.

"நீங்க ஒண்ணு செய்வீயளா?"ன்னா கோமதி. "பிரெஞ்சு எப்பவும் கத்துக்கிட மாட்டேன்னு எனக்குச் சத்தியம் பண்ணுவீயளா?"

"பண்ணுதேன்."

"ஒரு வார்த்தை கூட?"

"கோமதி, என் மேல உனக்கு அந்தச் சந்தேகமே வேண்டாம்."

முதல் தடவையா அவ சிரிச்சா. "அப்ப எனக்குச் சம்மதம். அப்பாதான் என்ன சொல்லுவாவளோ, தெரியலை"ன்னா. அப்புறம் வண்டியைப் பார்த்தா. "அது சரி, குடைப் பெட்டி எங்க?"

"எந்தக் குடைப் பெட்டி?"

"நீளமா இருக்கும். நாலு குடை, அப்பா கணக்குல லோம்ப்ரெல். மழை ஊருன்னு அப்பா தனியாக் கட்டினாவ."

நான் பலகைக்குக் கீழ பார்த்தேன். காக்கா மூக்கு. காலையில இருந்து அது மேல உக்காந்துதான் நனைஞ்சுக்கிட்டு இருந்தோம்.

அண்ணாச்சி பெட்டியைத் திறந்து ஒரு குடையை எடுத்து என் கையில குடுத்தாரு. திட்டியிருக்கலாம். திட்டியிருந்தா மனசு ஆறியிருக்கும்.

உள்ள போய்ச் சேலை மாத்திக்கிட்டு, ஆம்பளைத் துணியையெல்லாம் மடிச்சுப் பெட்டியில வச்சுக் குடுத்தாவ ரெண்டு பேரும். வண்டி திரும்பவும் ஐந்தருவிக்கு. ஏத்தத்துல மாடு நின்னுக்கிட்டு. நானும் அண்ணாச்சியும் இறங்கிப் பின்னால இருந்து தள்ளினோம். கக்கத்துல ஆளுக்கொரு குடை. மூணே முக்காலுக்குப் போய்ச் சேர்ந்தோம். மாமா காரோட வாசல்ல நிக்காரு. அம்மா கார்ல தாம்பாளத்தோட உக்காந்திருக்கா. உள்ள பார்த்து ரெண்டு பேருக்கும் வாய் திறந்தபடி இருக்கு. கிளிப்பச்சையில ஏட்டையா ஜன்னலோரம் நிக்காரு.

"பொண்ணு வீட்டார் ஊர்ல இப்படியா வழக்கம்?"னு கேட்டாளாம் அம்மா, மெதுவா, மாமா காதுல. மாமா, "நாம ஒண்ணும் கேட்டுக்கிட வேண்டாம், காரைக்கால் வழக்கமா இருக்கும்"னாராம்.

எனக்கும் உடுத்த காஞ்ச துணி இல்லை. சைகோன்காரர் ஒரு சட்டையை எடுத்து நீட்டினாரு. போட்டுக்கிட்டேன். கோமதி போட்டிருந்த சட்டைதானான்னு தெரியலை. தாழம்பூ வாசம் அடிச்சுது.

பேரருவி வீட்டுக்குப் போய் உக்காரும்போது மணி நாலே முக்கால். நடுவுல தாம்பாளம். கதவுக்குப் பின்னால கோமதி. மாமா தொண்டையைச் செருமினாரு. அதுக்கு முன்னால ஏட்டையா எந்திரிச்சுட்டாரு.

"தட்டு மாத்துததுக்கு முன்னால ஒரு விஷயம். பையனுக்குப் பிரெஞ்சு தெரியாது. பொய் சொல்லியிருக்கான்."

மாமா என்னைப் பார்த்தாரு. அம்மா என்னைப் பார்த்தா. "ஏலே, தெரியும்னியே?"ன்னாரு மாமா.

"தெரியாது மாமா"ன்னேன். எந்திரிச்சு நின்னு, சைகோன்காரரைப் பார்த்துச் சொன்னேன். "உங்க கடுதாசியை ஒரு வரி கூட என்னால படிக்க முடியலை. ஸ்டேஷன்ல நீங்க பேசினதும் புரியலை. அதான் சிரிச்சேன். தப்பு எம்மேலதான். மன்னிச்சிருங்க."

சைகோன்காரர் இடுப்புல இருந்து கடிகாரத்தை எடுத்துப் பார்த்தாரு. பத்து நிமிஷம் இருக்கு. கதவுப் பக்கமா ஒரு பார்வை பார்த்தாரு. அப்புறம் ஏட்டையாவைப் பார்த்தாரு.

"ஏட்டு, எங்கூட எத்தனை தடவை பிரயாணம் வந்திருக்கே?"

"இருபது தடவை இருக்கும் அத்தான்."

"பெட்டியில நான் என்ன எழுதி ஒட்டியிருக்கேன்னு ஒரு தடவை பார்த்திருக்கியா?"

ஏட்டையா மீசையைத் தடவினாரு.

"உங்க அக்கா பார்த்திருக்காளா? கோமதி பார்த்திருக்காளா? எல்லாரும் தூக்கிப் பார்த்து, குலுக்கிப் பார்த்து, மோந்து பார்த்துக் கண்டுபிடிச்சுருதீய. முப்பது வருஷமா நான் லெயும் லாவும் எழுதி ஒட்டுதேன். அதைப் படிச்சு, அது சொன்னபடி நடந்த ஒரே ஆளு இந்தத் தம்பிதான். தப்பா நடந்தாரு. ஆனா அதை நம்பி நடந்தாரு."

பாவம், அந்த மனுஷன் முப்பது வருஷமா எவ்வளவு தனியா இருந்திருக்காருன்னு அப்பத்தான் எனக்கு உறைச்சுது. என் பொய்யை நினைச்சு அன்னைக்கு நான் நெசமாவே வெக்கப்பட்டது அந்த நேரம்தான்.

"ஒரே ஒரு கண்டிஷன்"ன்னாரு. "இனிமே கத்துக்கிடணும். நானே சொல்லித் தாரேன். கத்துக்கிடுதேன்னு எல்லார் முன்னாலயும் சத்தியம் பண்ணுவீயளா?"

கதவுக்குப் பின்னால கோமதி இருமினா. நல்லா, அழுத்தமா.

மணி நாலு ஐம்பத்தஞ்சு. தாம்பாளத்துல வெத்தலை. வெளிய ஆடி காத்துக்கிட்டு இருக்கு. காரைக்கால்ல வாத்தியார் காத்துக்கிட்டு இருக்காரு.

"சத்தியமாக் கத்துக்கிடுதேன் மாமா"ன்னேன்.

தட்டு மாத்தினாவ. ஆவணியில கல்யாணம்.

ஒரே நாள்ல, ஒரே வீட்டுல, ரெண்டு சத்தியம். அப்பாவுக்குக் கத்துக்கிடுதேன்னு, மகளுக்குக் கத்துக்கிட மாட்டேன்னு. மாமனார் அப்புறம் பதினாலு வருஷம் இருந்தாரு. ஒவ்வொரு சீசனுக்கும் புதுப் புஸ்தகத்தோட வந்து, தினமும் காலையில என்னை உக்கார வச்சு, உயிரைக் குடுத்துச் சொல்லிக் குடுத்தாரு. நானும் ஒளிவு மறைவு இல்லாம, முழு மனசோடதான் படிச்சேன்.

கோமதிக்குப் பண்ணின சத்தியந்தான் நிலைச்சுது.